குக்குறுவானுக்குப் பசித்தபோது

மைசூர் விஜயநகரில் சாலையோரப் பூங்காவில் ஏழு பென்ஷன்காரர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாளம் போடுவது ஆலமரத்துக் குக்குறுவான். சிட்டுக்குருவி அளவு, பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி. அது ஒரு 'டுக்' போட்டால் கைகள் மேலே போகின்றன, அடுத்த 'டுக்'குக்குக் கீழே வருகின்றன. பஸ் வரும்வரை பொழுது போகட்டுமென்று நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கைகள் மேலே இருக்கும்போது பறவை பழம் கொத்தப் போய்விடுகிறது. யாரும் கையை இறக்கவில்லை.

"எவ்வளவு நேரம் சார்?" என்று பக்கத்து மஃப்ளர்காரரைக் கேட்கிறேன்.

"ஸ்வல்ப இருங்க. சின்னப் பழம்தான். நடுவுல இறக்கினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

என் பஸ் வருகிறது. வேலிக்கு மேலே தெரியும் பதினாறு கைகளைப் பார்த்து நிற்கிறது. நான் ஓடத் திரும்புவதற்குள் பறவை 'டுக்' என்கிறது.

எல்லாக் கைகளும் இறங்குகின்றன, என்னுடையதும். பஸ் கிளம்பிப் போகிறது.