ஹெக்டேரில் பேசிய ஊர்

பாஸ்!

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், டெப்போவில் விதை மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போனில் ரிசல்ட் வந்தது. நாற்பத்து நாலு வயதில் டிகிரி முடித்துவிட்டேன். மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன். லாரி டிரைவர் பயந்துபோய், "யாருக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். நல்ல சேதிக்கு அழுகிறவர்களை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – அம்மாபேட்டைப் பக்கம் ஒரு விதை கம்பெனியில் எனக்கு விற்பனை வேலை. கிளை மேலாளர் ஆக வேண்டுமென்றால் டிகிரி கட்டாயம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் அந்த நாற்காலியை நினைத்தே பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் மூன்று வருஷமாக சனி, ஞாயிறு தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, வேளாண் வணிகம் படித்தேன். ஆனால் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு... கடைசிப் பேப்பரில் நான் கோட்டை விட இருந்தேன்.

காரணம்? மா.

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நிலத்தை மா கணக்கில்தான் பேசுவோம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அறுவடை முடிந்து யாரைப் பார்த்தாலும், "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. ஏறக்குறைய ஏழரை மா கொண்ட ஹெக்டேர் என்பதெல்லாம் அரசாங்க நோட்டீஸில் வருகிற சமாச்சாரம்.

மாதிரித் தேர்வில் கேள்விகள் எல்லாம் ஹெக்டேரில். விதை, உரம், மகசூல், லாபம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். வெளியே வந்து கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு விடை வேறு சொல்லிக் கொடுத்தேன்! அடுத்த சனிக்கிழமை மேடம் கூப்பிட்டார். மேடம் என்றால், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கோயம்புத்தூர் பக்கம். எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் அக்கா.

"ஏனுங்க அக்கா, எல்லா விடைக்கும் பக்கத்துல மா, மான்னு எழுதியிருக்கீங்களே... இது என்னங்க?"

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஹெக்டேர் கேள்விக்கு முழுக்க முழுக்க மா கணக்கில் பதில்! எழுதும்போது ஒரு இடத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை. மேடம் நினைத்திருந்தால் முட்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மா என்றால் என்ன என்று கேட்டு, ஒவ்வொரு விடையையும் ஹெக்டேருக்கு மாற்றிப் பார்த்தார். எல்லாம் சரி.

"உங்களுக்குப் பாடம் நல்லாத் தெரியுதுங்க. ஆனா யுனிவர்சிட்டி பேப்பரைத் திருத்தறவங்க எந்த ஊரோ? இதைப் பார்த்தா அடிச்சுட்டுப் போயிருவாங்க. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம் இருக்குங்க அக்கா. மாவை மறந்துடுங்க."

மறப்பதா? பிறந்ததிலிருந்து காதில் விழுகிற கணக்கு ஆயிற்றே!

அன்று சாயங்காலம் வீட்டில் புலம்பித் தீர்த்தேன். குத்தகை நிலத்தில் விவசாயம் பார்க்கிற என் கணவர், சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

"வசந்தி, பூஜ்யம் புள்ளி நாலு ஹெக்டேருக்கும் தண்ணி வச்சுட்டு வந்துடறேன்."

எங்கள் மூன்று மா குத்தகை நிலத்தைத்தான் அப்படிச் சொன்னார். நான் சிரித்தேன். மனுஷன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் மாவுக்குத் தடை. அதோடு விட்டாரா? டீக்கடையிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். டெப்போவுக்கு வருகிற விவசாயிகள் எல்லாரும் ஹெக்டேரில் பேச ஆரம்பித்தார்கள்.

"தங்கச்சி, ரெண்டு ஹெக்டேருக்கு விதை போடும்மா" என்றார் முருகையன் அண்ணன்.

"அண்ணே, உங்களுக்கு இருக்கறதே ரெண்டு மாதானே?"

"அட, ஒனக்காகத்தான் மாத்திச் சொன்னேன்! அந்தப் பேச்சையே உங்கிட்ட எடுக்கக் கூடாதுன்னு ஒங்க வூட்டுக்காரரு கண்டிஷனா சொல்லிட்டாரு. எத்தினி கிலோன்னு நீயே கணக்குப் பாத்துக் குடு. பரிச்சை ஒனக்கா எனக்கா?"

அவர் கேட்டபடியே கொடுத்திருந்தால் தெருவெல்லாம் நாற்றங்கால் விட வேண்டியிருந்திருக்கும்.

சிரிப்பு இருக்கட்டும். அது விதைப்பு நேரம். ஆளுக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் நான் ஒவ்வொருவர் நிலத்தையும் ஹெக்டேரில் போட்டு, கால்குலேட்டரைத் தட்டி முடிக்கும்வரை முணுமுணுக்காமல் நின்றார்கள். நான் தப்பாகச் சொன்னால், "இன்னொரு தரம் பாரும்மா" என்றார்கள். எந்த டியூஷன் சென்டரில் இந்தப் பொறுமை கிடைக்கும், சொல்லுங்கள்?

யுனிவர்சிட்டி பரீட்சை அன்று முதல் கணக்குக்கு விடை எழுதினேன். கை பழக்கதோஷத்தில் 'மா' என்றே எழுதிவிட்டது. ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு மூச்சு விட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டேன். அப்புறம் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.

அடுத்த மாதம் மேலாளர் பதவிக்கு இன்டர்வியூ. கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் வயசு தாண்டுவதற்குள் அந்த வாசல்வரை வந்துவிட்டேன் இல்லையா?

காலேஜில் சேர்ந்தபோது, 'இந்த வயசுல இது தேவையா?' என்று ஊர் கேட்கும் என்றுதான் பயந்தேன். அந்த ஊரே என்னைத் தேற்றி அனுப்பியிருக்கிறது. நினைத்தால் நெஞ்சு நிறைந்து போகிறது. நேரில் போய் நன்றி சொன்னால், "போம்மா, வேலையைப் பாரு" என்பார்கள்.

பட்டச் சான்றிதழில் ஒரு பெயருக்குத்தான் இடமாம்... மற்றவர்களுக்காகத்தான் இந்த வாரம் இந்தப் பக்கம்!