ஆறு மணிக்குள் ஒரு லைசென்ஸ்

கார் ஓட்டப் பழக்குபவரின் தொழில், ஓட்டத் தெரியாதவரின் பக்கத்தில் பயமில்லாததுபோல் உட்கார்ந்திருப்பது. சொந்த வீட்டு ஆட்களுக்குப் பழக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை சம்பளமில்லாமலே தெரிந்திருக்கும்.

பின் இருக்கை

பொறியாளர் ரமேஷ் சென்னையிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்தவர். பயிற்சியை அவருடைய கம்பெனியே ஏற்பாடு செய்திருந்தது. முதல் நாள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார், போனை எடுத்தார். பழக்க வந்த நான் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சாரி சார். ஊர்ல டிரைவர்தான் ஓட்டுவார், நான் ரூட் மட்டும் சொல்லுவேன்."

எந்த ரோட்டு

யாழ்ப்பாணத்து ரெஜினாவுக்கு வீடு செயின்ட்-மிஷேலில், வேலை நகரின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி வந்து சேர்வதற்குள் மகளின் கார்டெரி, அதாவது பிள்ளைகள் காப்பகம், ஆறு மணிக்குப் பூட்டிவிடும். இன்னும் ஒருமுறை பிந்தினால் பிள்ளைக்கு இடமில்லை என்று கடிதம் வந்துவிட்டது. அந்த இடம் போனால் வேலையும் போகும். நானோ லைசென்ஸ் சோதனைக்கு வழக்கமாகக் கூட்டிப்போகும் தெருக்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் பேந்து பாப்பம் அண்ணை. முதல்ல கார்டெரிக்குப் போற ரோட்டைப் பழக்கி விடுங்கோ."

பச்சை விளக்கு

ரெஜினா பச்சை விளக்கிலும் காரை நிறுத்துவார். முதல் சோதனையில் அதனாலேயே தோற்றார். அடுத்த வகுப்பிலும் நிறுத்தினார். பின்னாலிருந்த லாரிக்காரர் பிரெஞ்சில் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. பச்சைக்கு ஏன் நின்றீர் என்று மட்டும் கேட்டேன்.

"என்ர அகதி வழக்கு நாலு வருசமா இழுபடுது அண்ணை. இங்க கேக்காமலே பச்சை குடுக்கினம் எண்டால் நம்பேலாம கிடக்கு."

அதே வாரம்

ரமேஷும் தோற்றார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"விடுங்க சார், அதுவரைக்கும் ஆபீஸ் டாக்ஸி இருக்கு."

ஐந்து நாற்பது

இரண்டாம் முறை ரெஜினா தேறினார். பழைய கார் ஒன்று வாங்கினார். முதல் நாள் துணைக்கு வரச்சொல்லி, கிடங்கு வாசலில் என்னை ஏற்றிக்கொண்டார். நெடுஞ்சாலையில் இருவரும் மூச்சுவிட்டதாக நினைவில்லை. கார்டெரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பது. ரெஜினா வெற்றிச் சிரிப்போடு உள்ளே போனார். மகள் கோட்டுப் போடாமல் அழுதுகொண்டு நின்றாள்.

"ஏன் அம்மா வெள்ளன வந்தனீங்கள்? எல்லாரும் போனாப் பிறகுதான் கார்டெரிச் சைக்கிள் எனக்குக் கிடைக்கும்."

வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று யாராவது கேட்டால், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.