அசையாமல் படுத்த ஏழு நிமிடம்

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். ஆனாலும் இது நடந்தது. நம்பாதவர்கள் சங்கரன்கோவிலுக்கு வாருங்கள், அந்த அறையைக் காட்டுகிறேன்.

அங்கே ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்து அப்போது நாலு மாதம். போன ஆவணி, வெள்ளிக்கிழமை, மாலை 5.40. பனவடலிசத்திரத்துப் பேச்சி தன் ஆறு வயது மகள் கோமதியோடு வந்தாள். பிள்ளையின் மூளையில் கட்டி. புற்றா, மாத்திரையில் கரையும் காசநோய்க் கட்டியா? மதுரையில் ஆபரேஷனுக்கே நாள் குறித்துவிட்டார்கள். தலையைத் திறக்காமல் பார்க்கத்தான் ஸ்பெக்ட்ராஸ்கோபி. கட்டிக்குள் என்ன ரசாயனம் இருக்கிறது என்று மெஷின் கோடாக வரைந்து காட்டும். ஆனால் ஏழு நிமிடம் அசையக் கூடாது.

காந்த மெஷினுக்குப் பக்கத்தில் உலோகம் ஆகாது. பிள்ளையின் கொலுசைக் கழற்றி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மேஜை டிராயரில் வைத்தேன். உள்ளே பழைய காகிதப் பொட்டலம் ஒன்று கிடந்தது. ஒதுக்கிவிட்டேன்.

“தாலியக் கழத்திட்டு நீங்களும் உள்ள வாங்க. காலப் பிடிச்சிக்கிட்டா பிள்ள ஆடாது.”

“கழத்த மாட்டேன் சார். அவிய சவுதில இருக்காவ.”

பேச்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் பிள்ளை காலை உதைத்தது. கோடெல்லாம் கோணல். எனக்கு எரிச்சல். அடுத்த வாரம் வரச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

6.12. மூன்றாவது முறை. டக்... டக்... டக்...

பிள்ளை அசையவே இல்லை.

மெஷின் அறை மைக்கில் ஒரு சத்தம்.

சல்...

டிராயரைத் திறந்தேன். கோமதியின் கொலுசு அங்கேதான் இருந்தது. பக்கத்தில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. வெறும் காகிதம்.

சல்... சல்...

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் போர்வை, கால் பக்கம், இரண்டு இடத்தில் அழுந்தியிருந்தது.

சின்னக் கை அளவுக்கு...

6.19. மெஷின் நின்றது. கோடு சுத்தமாக வந்திருந்தது.

உள்ளே ஓடினேன். “எப்படி மக்கா ஆடாமப் படுத்த?”

“அந்த அக்கா காலப் பிடிச்சிக்கிட்டா. ‘நான் ஆடிட்டேன், நீ ஆடாத’ன்னா.”

காசநோய்க் கட்டிதான். கரைந்துகொண்டு வருகிறது. பேச்சி போனில் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகுதான் நர்ஸ் நூருல் ஹுதாவிடம் அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. அதற்கு முந்தின வருடம் சிவகிரியிலிருந்து எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இதே ஸ்கேனுக்கு வந்ததாம். ஆடிக்கொண்டே இருந்ததாம். அன்று கூட்டம். அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

“அடுத்த வாரம் அந்தப் பிள்ள இல்ல தம்பி. கொலுச வாங்கக்கூட யாரும் வரல. நான்தான் பொட்டலமா மடிச்சி வச்சேன்.”