ராசாத்தி பேரன் எடுத்த செவ்வரளி

பக்கத்து வீட்டில் குழந்தை அழும்போதெல்லாம் நான் அடுப்படியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவேன். அந்தச் சத்தம் என் காதில் விழக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அது என் கொழுந்தன் வீடு. அவர் மனைவி ராசாத்தி என் ஓரகத்தி. அழுவது அவள் பேரன்.

என் பெயர் செல்லம்மாள். கொடைக்கானலுக்கு மேலே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர் எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்வேன். முருகன் எனக்குச் செய்ததைக் கோவிலில் எழுந்து சொல்லச் சொன்னார்கள், வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். முருகனை நம்பியவர்கள் பொறுத்துப் படியுங்கள்.

என் மகன் முத்துவேல் எங்கள் பூண்டுக் காட்டைப் பார்க்கிறான். மருமகள் கவிதா கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறாள். கல்யாணமான மறு வருஷமே உண்டானாள். ஆறாம் மாதம் ரத்தப்போக்கு வந்துவிட்டது. மலையிறக்கி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை தங்கவில்லை. கவிதா பிழைத்ததே பெரிது. அந்தச் செலவில் அவள் நகையும் எங்கள் கறவை மாடுகளும் போயின. "அடுத்த பிள்ளைக்கும் இந்த மாதிரி ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவ்வளவு வசதிக்கு நாங்கள் எங்கே போவோம்? இனி என் வீட்டில் குழந்தைச் சத்தமே கேட்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வருஷம்தான் ராசாத்தி மருமகளுக்குப் பிரசவம். ராசாத்தியின் மகன் ஒரு பெரிய ஓட்டல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கம்பெனியே இன்சூரன்ஸ் போட்டு வைத்திருந்தது. பேரனோடு வந்து இறங்கியதும் என் வாசலில் நின்று சொன்னாள்.

"ஆபரேசன்தான்க்கா. ஏசி ரூமு. ஒரு கார்டக் காட்டுனோம், அம்புட்டுத்தான். கையிலருந்து சல்லிக்காசு போகல."

"நல்லதுதான" என்றேன். சிரித்தும் வைத்தேன். உள்ளே போய் அழுதேன். முருகா, அவளும் உன் வாசலில்தான் நிற்கிறாள், நானும் அங்கேதான் நிற்கிறேன். அவளுக்குப் பேரனும் கொடுத்தாய், கார்டும் கொடுத்தாய். எனக்கு என்ன கொடுத்தாய்? அப்போது என் பிரார்த்தனை இதுதான். வேறு வார்த்தை வரவில்லை.

கவிதா உறுதியாக இருந்தாள். "இன்சூரன்ஸ் இல்லாம இன்னொரு பிள்ளை வேணாம் அத்தை. மறுபடியும் எல்லாத்தையும் வித்துட்டு வெறுங்கையோட வர என்னால முடியாது" என்றாள்.

ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு பாலிசி சொன்னார். ஒன்றில் ஒன்பது மாதம் காத்திருந்தால் போதும், அதன் பிறகு நடக்கும் பிரசவத்துக்குப் பணம் தருவார்கள். ஆனால் தொகை கொஞ்சம். ஆபரேசன் என்றால் பாதிகூடக் காணாது. பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது என்றால் தர மாட்டார்கள். இன்னொன்றில் ஆபரேசன் செலவும் உண்டு, பிறந்த நாளிலிருந்து குழந்தையின் வைத்தியமும் உண்டு. ஆனால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிரசவம் ஆனால் ஒன்றும் கிடையாது.

"ராசாத்தி மருமகளக் காத்திருக்கச் சொல்லலையே?" என்று என்னை மீறிக் கேட்டுவிட்டேன்.

"அது கம்பெனி மொத்தமா எடுத்தது பாட்டிம்மா. அதுல காத்திருக்க வேண்டியதில்ல. நம்ம தனியா எடுக்குறோம்ல?"

அதற்கும் வயிறெரிந்தது.

கவிதா இரண்டாவதுதான் வேண்டும் என்றாள். "ரெண்டு வருசமா? அதுக்குள்ள ராசாத்தி பேரன் பள்ளிக்கொடமே போயிருவான்" என்றேன் நான். வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு. கடைசியில் முத்துவேல் சொன்னான்: "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. நம்ம வேலவர்கிட்டயே பூக் கேட்ருவோம்."

வெள்ளைப் பூ வந்தால் வெரசாப் பணம் வருகிற பாலிசி. செவ்வரளி வந்தால் இரண்டு வருஷப் பாலிசி. இரண்டையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டார் பூசாரி. விவரம் தெரியாத குழந்தைதான் எடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கோவிலில் ஒரு குழந்தையும் இல்லை. அப்போது இடுப்பில் பேரனோடு ராசாத்தி வந்தாள்.

"என்னக்கா, பூக் கேக்குறீங்களா? எம்பேரன் எடுக்கட்டுமே. ராசியான கை."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவன் தவழ்ந்து போய் ஒரு பொட்டலத்தை எடுத்தான். எடுத்த வேகத்தில் வாயில் வைத்தான்.

"ஏலே, துப்புலே! சாமி பூவுலே!" என்று ராசாத்தி பிடுங்கினாள். பிரித்தால் செவ்வரளி.

"இன்னொருக்கக் கேப்பமா சாமி?" என்றேன்.

"ஒனக்குப் பிடிச்ச பூ வர்ற வரைக்கும் கேட்டா அதுக்குப் பேரு பூக் கேக்குறதா ஆத்தா?" என்றார் பூசாரி.

சித்திரை முதல் வாரத்தில் அந்தப் பாலிசியைப் போட்டோம். முருகன்மேல் எனக்குக் கோபம். ராசாத்தி பேரன் வந்து எடுத்து என் குடியைக் கெடுத்தான் என்றே இருந்தேன். அவன் நடக்கப் பழகி எங்கள் வீட்டுக்குள் வந்து பூண்டுக் கூடையைக் கவிழ்ப்பான். "போ, ஒங்க வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவேன்.

மறு வருஷம் வைகாசியில் கவிதாவிடம் சொன்னேன்: "ஆனியில உண்டானா பத்து மாசம் முடியறப்ப சித்திரை வந்துரும். பாலிசிக்கும் ரெண்டு வருசம் முடிஞ்சிருமே." அவளும் தலையாட்டினாள். நான் வேலவருக்குத் தினம் விளக்கேற்றினேன். ஆனி போனது. ஆடி, ஆவணியும் போயின. ஒன்றும் இல்லை. ரேஷன் கடையில் எல்லோர் முன்னாலும் ராசாத்தி கேட்டாள்: "என்னக்கா, கவிதாவுக்கு விசேசம் ஏதும் உண்டா?" அரிசியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். கல்லுக்குக் காது இருக்குமா என்று அன்று முருகனைத் திட்டினேன்.

புரட்டாசியில் உண்டானாள்.

எட்டாம் மாதம், சித்திரைக் கடைசி. ஒரு நாள் காலையில் கவிதாவின் முகமும் காலும் வீங்கியிருந்தன. பிரஷர் ஏறிவிட்டது, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்கள் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முருகா, ராசாத்திக்குக் கொடுத்தது எதுவும் எனக்கு வேண்டாம். இந்தப் பிள்ளையை மட்டும் உயிரோடு திருப்பிக் கொடு. அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

மதுரையில் ஆபரேசன் செய்தார்கள். கவிதா பிழைத்தாள். பெண் குழந்தை, அணில் குஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்றார்கள்.

இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காத்திருப்புக் காலம் இந்த மாசம்தான் முடிஞ்சிருக்கு. அம்மாவுக்கும் உண்டு, பாப்பாவுக்கும் உண்டு. பயப்படாதீங்கம்மா."

முத்துவேல் என்னைப் பார்த்தான். "அம்மா, நீ சொன்ன மாதிரி ஆனியில உண்டாகியிருந்தா, இந்த எட்டாம் மாசம் தையில வந்திருக்கும்மா."

தையில் வந்திருந்தால் ஒன்றும் கிடையாது. வெள்ளைப் பூ வந்திருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குக் கிடையாது. நான் அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டதையெல்லாம் முருகன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கொடுக்கக் கூடாததைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வெள்ளனே ராசாத்தி பஸ் ஏறி வந்துவிட்டாள். எங்கள் பூண்டுக்கும் அவள்தான் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருக்கிறாள். கண்ணாடி வழியாகக் குழந்தையை வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டு முடியாக்கா! எம்பேரன் பெறந்தப்ப தலை வழுக்கப் பாறையாட்டமுல்ல கெடந்துச்சு" என்றாள். குரலில் லேசாக ஓர் எரிச்சல். எனக்குத் தெரியாதா அந்த எரிச்சல்? இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

என் பேத்திக்குப் பழனியில் முடியிறக்கியாயிற்று. படியேறும்போது ராசாத்தி பேரனை நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். எந்தக் கையைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அந்தக் கையில்தான் முருகன் எனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்தப் பயல் தட்டு நிறையச் சோறு தின்கிறான், என் பேத்தி துப்புகிறாள். அதைப் பார்த்தால் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் அவன் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதால் இப்போது நான் குழாயைத் திறப்பதில்லை. என்னவென்று போய்ப் பார்க்கிறேன்.

பிள்ளைக்கு ஏங்கும் பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பாலிசி எடுக்கும்முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், ஆபரேசனுக்குக் காணுமா, பிறக்கிற குழந்தைக்கும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். என்னை மாதிரிக் கதவுக்குப் பின்னால் நிற்காதீர்கள். அப்புறம் முருகனிடம் விட்டுவிடுங்கள். பூ மாறி வந்தால் கோபப்படுங்கள், திட்டுங்கள், அவன் தாங்கிக்கொள்வான். பொட்டலத்தை மட்டும் திரும்பக் கட்டாதீர்கள்.