கன்னத்தில் வைத்துப் பார்த்த துணி

மறியலுக்காகச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரத்தில்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எனக்குப் பிள்ளை பிறந்தது. மறியலில் கைதாகி என் வீட்டுக்காரர் ஜெயிலில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரியின் கணவரோ எந்நேரமும் குழாயடியில் இருந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. தன் பழைய வேட்டியைக் கிழித்த துணிகளை அலசிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் குழந்தைக்குக் கட்டுவார்.

எனக்கு வயிறு எரிந்தது. “கடையில பிளாஸ்டிக் ஜட்டி விக்குதே, அத வாங்கிப் போட்டா இன்னாங்க? இந்த வேல மிச்சம்தான?” என்றேன் குத்தலாக.

“அதுல ஈரம் உள்ளயே நின்னுடுங்க. புள்ளைக்குச் சொல்லத் தெரியாது. துணின்னா தொட்டாலே தெரிஞ்சிடும்” என்றார், கன்னத்திலிருந்து துணியை எடுக்காமலே.

அவர் நகர்ந்ததும் அவர் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். “ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் ஜெயிலுக்குப் போய்ட்டாங்க. இது பீத்துணி கசக்கிக்கினு கெடக்குது. வெக்கமா இருக்குதுக்கா. நீங்க குடுத்து வச்சவங்க.”

விடுதலையான என் வீட்டுக்காரர் கழுத்து மாலையோடு வார்டுக்குள் வந்தபோது, அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். பிள்ளை நனைத்த துணியை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன்.

“உங்கம்மா எங்க?” என்று கேட்டார்.

நீட்டிய என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனவர் அந்த மனிதர்தான்.