அற்புதராஜ் சாரின் கைப்பேசி வகுப்பு

சங்ககிரி ஓய்வூதியர் சங்கத்தில் கைப்பேசி வகுப்பு எடுக்கப்போவதாக அற்புதராஜ் அறிவித்தபோது, அவருக்குக் கைப்பேசி வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. கோவையிலிருக்கும் மகள் ஜாக்குலின் வாங்கிக் கொடுத்தது. அதற்கு உறை போட்டு, உறைக்குமேல் துணிப்பை போட்டு, சட்டைப்பையில் வைத்திருந்தார். ஓய்வூதியக் கோப்புகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். தெரியாத விஷயங்களைப் பற்றி முப்பத்தோரு வருடம் குறிப்பு எழுதியவருக்கு, தெரியாததைப் பாடம் நடத்துவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். போன்களை அணைத்து மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ‘கைப்பேசி: ஓர் அறிமுகம்’ என்று எழுதினார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரம் ஒரு செவ்வகம் வரைந்து பாகங்களைக் குறித்தார்.

பொன்னாத்தாள் கையைத் தூக்கினாள். சாலைப் பணியாளராயிருந்த கணவன் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவள். மேச்சேரி ஆடு வளர்த்து விற்கிறாள். எழுதப் படிக்க வராது என்பதால் அவள் நோட்டில் ஒரு கோடுகூடக் கிடையாது.

“ஏனுங்க சார், போனை எப்பத்தானுங்க தொடறது?”

“மொதல்ல தியரிம்மா. பிராக்டிகல் அப்புறம்.”

“அப்புறம்னா எப்பங்க?”

“அதுக்குச் சுற்றறிக்கை வரும்.”

யார் அனுப்புவார் என்று அவருக்கே தெரியாது. சொல்லிப் பழகிய வாய்.

ஐந்தாம் வாரம், ஓய்வூதியம் நிற்காமலிருக்க வருடாவருடம் தான் உயிரோடிருப்பதாக அரசுக்குச் சான்று கொடுக்கும் முறை அவருக்கு வந்தது. போனில் முகத்தைக் காட்டினால் போதும். மகள் செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தாள். வகுப்பின் முன்னாலேயே செய்து காட்டுவதென்று டை கட்டிக்கொண்டு வந்தார்.

போனை நீட்டிப் பிடித்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். ‘கண்களைச் சிமிட்டவும்’ என்றது திரை. மூக்குக்கண்ணாடி பையில் கிடந்ததால் அவரால் படிக்க முடியவில்லை. படித்தவர்போலத் தலையசைத்தார். நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை இன்னும் விறைத்தார். பஸ் ஓட்டுநராயிருந்த மாரி எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

“உயிருள்ள முகத்தைக் காணோம்னு போட்டிருக்குதுங்க சார்.”

“சர்வர் டவுன்,” என்றார் அற்புதராஜ். எதிரே வந்து நின்ற எத்தனையோ வயசாளிகளை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பியனுப்பியவர் அவர். என்ன முகத்தோடு அவர்கள் படியிறங்கியிருப்பார்கள் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தார். அதிக நேரம் நினைக்கவில்லை.

பொன்னாத்தாள் எழுந்து வந்து போனை வாங்கினாள். சேலைத் தலைப்பால் கேமராவைத் துடைத்து, அவரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினாள். வாங்க வருகிறவர்களுக்குத் தினம் நாலு ஆட்டையாவது வீடியோ எடுத்து அனுப்புகிறவள்.

“போன மாசம் நானும் இதையேதானுங்க செஞ்சேன். கண்ணை மூடித் தொறங்க சார். கெடா மாதிரி மொறைக்காதீங்க. கெடாகூடச் சிமிட்டுமுங்க.”

வகுப்பே சிரித்தது. வந்த கோபத்தில் அவருக்குக் கண்ணிமை படபடவென்று அடித்துக்கொண்டது. அரசாங்கம் அதை உயிர் என்று ஏற்றுக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை சங்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. எல்லாரும் பொன்னாத்தாளின் ஆட்டுக்கொட்டகையில் இருப்பதாகத் தெரிந்தது. ஒழுங்கீனம் என்று சங்கத் தலைவர் தண்டாயுதபாணிக்கு இரண்டு பக்கப் புகார் எழுதி எடுத்துக்கொண்டு தேடிப்போனார். தலைவரும் அந்தக் கொட்டகை நிழலில்தான் உட்கார்ந்து, பேரனுக்குக் குரல் பதிவு அனுப்பப் பழகிக்கொண்டிருந்தார்.

வந்தது வந்தாயிற்று என்று அற்புதராஜும் ஓரமாக உட்கார்ந்தார். பொன்னாத்தாள் ஒன்றும் குத்திக் காட்டவில்லை.

“இதை அமுக்கிப் புடிச்சுட்டுப் பேசுங்க சார். கையை உட்டா போயிருமுங்க.”

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அன்புள்ள ஜாக்குலினுக்கு. பொருள், நலம் விசாரித்தல் தொடர்பாக,” என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடம் பேசி, பெயர், ஓய்வுபெற்ற பதவி, இடம், நாள் எல்லாம் சொல்லிவிட்டு விரலை எடுத்தார்.

ஜாக்குலின் உடனே குரலிலேயே பதில் போட்டாள். பெரும்பாலும் சிரிப்பு. நடுவில் ஒரு “சாப்பிட்டீங்களாப்பா?”

அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு, கோப்பில் வைக்க இதை எப்படி அச்செடுப்பது என்று பொன்னாத்தாளிடம் விசாரித்தார்.