மிட்டாய்க்கடைப் பிள்ளை

காயும் கடலையெண்ணெயில் காராச்சேவு விழும் 'சொய்ங்' சத்தத்தில்தான் எங்கள் வீடு விழிக்கும். திருச்சுழியில் அப்பாவுக்கு மிட்டாய்க்கடை. பள்ளி விட்டதும் என்னைக் கடை முகப்பில் உட்காரவைத்து, ஒரு கையில் சேவும் மறு கையில் கருப்பட்டி மிட்டாயும் கொடுத்துவிடுவார். "கடைக்காரன் பிள்ளை கொழுகொழுன்னு இருந்தாத்தான் சரக்கு மேல நம்பிக்கை வரும்" என்பார். ஊரே அதை நம்பியது, நானும்தான். மூன்று தெரு தள்ளியிருந்த பள்ளிக்கும் அப்பாவின் மொபெட்டில்தான் போவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கோ-கோ ஆசை பிடித்தது. மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னார் டீச்சர், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அரைப்பரிச்சைக்குள்ள மூணு சுத்து ஓடிக் காட்டு, அருப்புக்கோட்டைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் இல்லாமல் அந்த பஸ் கிளம்புவதை நினைத்தாலே அழுகை வந்தது.

வழி சொன்னவள் ராக்கு. என் வகுப்புத் தோழி, மிளகாய் பயிரிடும் சம்சாரி வீட்டுப் பெண், தினமும் மூன்று மைல் நடந்து வருபவள். "சாயங்காலம் எங்கூட ஊருணி வரைக்கும் நடடி. இருட்டுறதுக்குள்ள வீடு சேரணும்ல, தன்னால ஓட்டம் வரும்" என்றாள். வந்தது.

மூன்று மாதத்தில் பாவாடை நழுவ ஆரம்பித்ததும் கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள்: "என்ன மொதலாளி, பிள்ளை வத்திப்போச்சு, யாவாரம் படுத்துருச்சா?" அப்பா பதறிப்போனார். மறுநாளிலிருந்து பெரிய சேவுப் பொட்டலம் ஒன்று என் பையில் ஏறியது. நான் தின்றால் பழையபடி மூச்சு வாங்கும். அதனால் அதை ராக்குவும் அணியில் இருந்த மற்றவர்களும் சிந்தாமல் சிதறாமல் காலி செய்தார்கள். நான் மூன்றாவது சுற்றை முடித்தபோது, வாய் நிறையச் சேவு இருந்ததால் ஒருத்தியாலும் கத்தக்கூட முடியவில்லை. போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஆனாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான்.

போன மாதம் ராக்கு தன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதுவும் ஒன்பதாவதுதான், பள்ளிக்கு வேன், தெருவெல்லாம் பாக்கெட் தீனி, கையில் போன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பா ஆசையாகக் கேட்டார்: "நல்லாருக்கே, எந்த மிட்டாய்க்கடைப் பிள்ளை?"

ராக்கு சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாக, "டாக்டரு நடக்கச் சொல்லிருக்காக. கூட நடக்கத்தான் ஆளில்ல" என்றாள். உண்மைதான், ஊருணிப் பாதையில் இப்போது யாரும் நடப்பதில்லை, கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

"பெரியம்மா, நீங்க நெசமாவே ஓடுனீகளா?" என்று கேட்டாள் அந்தப் பெண். வாயால் சொல்வானேன் என்று செருப்பை மாட்டினேன். மூவரும் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல்:

"இருங்கத்தா, சேவு கட்டித் தாரேன்!"